தம்பி குடும்பத்துச் சண்டையை டிவிக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். எனக்கு வயது 46. சாயங்காலம் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தால் நானும் மாமியாரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். சீரியல் எனக்குப் பிடிக்காது. புருஷன் பொண்டாட்டியை நேரில் உட்காரவைத்துப் பிரச்சினையைப் பேசுகிற நிகழ்ச்சிகள்தான் பார்ப்போம். பழைய எபிசோடெல்லாம் யூடியூபில் கிடைக்கிறது, அதையும் விடுவதில்லை. கோவையில் காலேஜில் படிக்கிற மகள் லீவுக்கு வந்தபோது, 'அடுத்தவங்க வீட்டு அழுகையைப் பார்த்துக்கிட்டே எப்படிம்மா சோறு திங்கறீங்க?' என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து மனசு சரியில்லை. ஆனால் பார்ப்பதையும் விட முடியவில்லை. இன்னொரு விஷயம். என் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். அவன் சம்சாரம் கோபித்துக்கொண்டு 7 வயதுப் பெண் குழந்தையோடு தாராபுரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு ஆள் சேர்த்துவிடுகிற ஒருவரின் நம்பரைத் தெரிந்தவர் கொடுத்திருக்கிறார். 'அங்க போனா ஒரே நாள்ல முடிச்சு வெச்சுருவாங்க' என்கிறார் மாமியார். தம்பியும் சரி என்கிறான். நான் பார்ப்பது தப்பா? தம்பியை அனுப்பலாமா?
(பெயர் வேண்டாம், காங்கேயம் பக்கம்)

பதில்: இரண்டாவது கேள்விதான் அவசரம் என்பதால் அதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அனுப்பாதீர்கள். அந்த நம்பருக்குத் தம்பியோ மாமியாரோ இன்னும் பேசாமல் இருந்தால் பேசவே வேண்டாம். பேசியிருந்தால், 'வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லி முடித்துவிடுங்கள். தம்பி மனைவியின் போன் நம்பரும் தாராபுரத்து விலாசமும் உங்கள் வீட்டிலிருந்து யார் மூலமாகவும் அவர்களுக்குப் போகக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி முதல் கேள்வி. நான் ஈரோட்டில் குடும்ப நல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிற பெண்களில் பலர் இந்த நிகழ்ச்சிகளைப் பார்க்கிறவர்கள்தான். அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவ்வளவு கூச்சப்பட அதில் ஒன்றுமில்லை. அடுத்த குடும்பத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை கெட்ட ஆசை அல்ல. குடும்பம் நடத்துவதை நாம் யாரும் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. நாலு குடும்பத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம்.

நீங்கள் இருக்கும் இடத்தில் அப்படிப் பார்க்க நாலு குடும்பம் அருகில் இல்லை. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கமெல்லாம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் கிளுவை வேலியும் சுற்றியிருக்க, அவரவர் தோட்டத்துக்குள் அவரவர் சாளை வீடு. அடுத்த வீட்டு லைட்டு தெரியும், பேச்சு காதில் விழாது. ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்தால், சீருக்குப் போனால், மாரியம்மன் நோம்பிக்குக் கூடினால்தான் நாலு பெண்கள் சேர்ந்து பழமை, அதாவது ஊர்க்கதை, பேச முடிகிறது. அங்கேயும் உள்ளதை உள்ளபடி யாரும் சொல்வதில்லை. 'நல்லா இருக்கறோமுங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மேலே ஒரு வார்த்தை சொன்னால் ஊருக்குள் பழமையாகிவிடும் என்ற பயம். மகள் புருஷன் வீட்டில் அடி வாங்குகிறாள் என்பதைக் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்லாமல் வருஷக்கணக்கில் மூடி வைத்த தாய்மாரை எனக்குத் தெரியும்.

அப்படி இருக்கும்போது, ஒரு பெண் கேமரா முன்னால் உட்கார்ந்து, 'எனக்கு இப்படி நடந்தது' என்று வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டால் மனசு அங்கேயே நின்றுவிடும். நம் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்ததற்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருக்கும். இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். வீட்டுக்குள் அடிப்பதும் வசை பாடுவதும் குடும்ப விஷயம் அல்ல, அதற்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது என்பதை இப்படி ஒரு நிகழ்ச்சியில் கேட்டுத் தெரிந்துகொண்டு என்னைத் தேடி வந்த பெண்களும் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அடுத்தவர் நிலைமையோடு நம் நிலைமையைச் சேர்த்துப் பார்த்தால்தான் நமக்கே நம்மைப் பற்றி ஒரு கணக்கு கிடைக்கிறது என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-இல் எழுதினார். திரையில் இருக்கும் குடும்பம் நம்மைவிட மோசமாக இருந்தால், 'பரவாயில்லை, நாம் தேவலை' என்று ஒரு நிம்மதி வரும். பகலெல்லாம் காட்டிலும் மாட்டிலும் உழைத்துவிட்டு வருகிற மனசுக்கு அந்த நிம்மதி தேவைப்படுகிறது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் நான் ஊகிக்கிறேன். நீங்களும் மாமியாரும் சேர்ந்து பார்க்கிறீர்கள். திரையில் ஒரு மருமகள் பேசும்போது உங்கள் மாமியார், 'அவ செஞ்சதும் தப்புத்தானே' என்பார். நீங்கள் கொஞ்சம் பொறுத்து, 'அந்தப் பையன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க' என்பீர்கள். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே அடுப்படியில் இருந்தும் நேராகப் பேசிக்கொள்ள முடியாததையெல்லாம், யாரோ ஒரு குடும்பத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசிக்கொள்கிறீர்கள். மாமியார், மருமகள் உறவில் இது பெரிய விஷயம். டிவியை நிறுத்தச் சொன்னால் இந்தப் பேச்சும் நின்றுவிடும் என்பதால்தான், ஒரேயடியாக விட்டுவிடுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தயங்குகிறேன்.

அதே சமயம், உங்கள் மகள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவளுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு காரியம் செய்யுங்கள். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, டிவியில் வருகிற அன்றைய நிகழ்ச்சியைச் சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பாருங்கள். பின்னணி இசை போனதுமே சிலது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஒரே அழுகை மூன்று இடத்தில் வரும்: தொடக்கத்தில் ஒரு தடவை, விளம்பரத்துக்கு முன்னால் ஒரு தடவை, அழுத இடத்தில் ஒரு தடவை. கை ஓங்குகிற இடத்தில் விளம்பரம் வரும். விளம்பரம் முடிந்ததும் அதே கை மறுபடி ஓங்கும். பேசுகிறவரை விட்டுவிட்டு, எதிரே இருக்கிறவர் சேலை முந்தியைத் திருகிக்கொண்டிருப்பதைக் கேமரா கிட்டத்தில் போய்க் காட்டும். அந்த விரல்களைப் பாருங்கள். அவர் அந்த நேரத்தில் எதைக் கேட்டுவிட்டு முந்தியைத் திருகினார் என்பது உங்களுக்குத் தெரியாது. எடிட்டிங் மேஜையில் எந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் ஒட்டினார்களோ அதைக் கேட்டுத் திருகியதாக நீங்கள் நம்புகிறீர்கள்.

இந்த வகை நிகழ்ச்சி தொடங்கிய இடத்திலிருந்தே இந்தப் பிரச்சினை இருக்கிறது. 1971-இல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் உள்ள சாந்தா பார்பரா என்ற ஊரில் லவுட் என்ற குடும்பத்தின் வீட்டுக்குள் கேமராவோடு ஒரு குழு போய் ஏழு மாதம் இருந்தது. அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள். சுமார் 300 மணி நேரம் படம் பிடித்தார்கள். 1973-இல் அங்கே பொதுத் தொலைக்காட்சியில் அது 12 மணி நேரத் தொடராக வந்தது. மனைவி கணவனை வீட்டை விட்டுப் போகச் சொன்னதும் அதில் வந்தது, நாடே அதைப் பார்த்தது. எங்கள் சந்தோஷமெல்லாம் வெட்டுப்பட்டுப் போய்ச் சண்டைதான் மிஞ்சியது என்று அந்தக் குடும்பம் வருத்தப்பட்டது. 300 மணி நேர வாழ்க்கையில் எந்த 12 மணி நேரம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் அல்ல. அந்தக் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். 2001-இல் மூத்த மகன் இறந்த பிறகு, அவனுடைய கடைசி ஆசைக்காக மறுபடியும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1973-இல் வந்த அந்தத் தொடரை மட்டும் பார்க்கிறவருக்கு அவர்கள் பிரிந்துகொண்டேதான் இருப்பார்கள்.

யூடியூபில் நீங்கள் பார்க்கிற பழைய எபிசோடுகள்தான் எனக்கு அதிகம் உறுத்துகின்றன. அதில் வந்த தம்பதி சமாதானமாகி, குழந்தை வளர்ந்து, இப்போது பொள்ளாச்சியிலோ நாமக்கல்லிலோ அமைதியாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கலாம். அந்தக் குழந்தையின் வகுப்பில் யாரோ ஒரு பையன் அந்தக் காட்சியைப் போனில் கண்டுபிடித்துவிட்டால், அது அன்றைக்குப் புதுச் செய்தி. பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது என்பதால்தான் அது எடுக்கப்படாமல் அங்கேயே இருக்கிறது. பார்வைக் கணக்கு ஏற ஏறப் புதியவர்கள் கண்ணிலும் படுகிறது. இந்த இடத்தில் பார்க்கிறவருக்குப் பொறுப்பு உண்டு என்று நான் உறுதியாகவே நினைக்கிறேன்.

பார்ப்பது தப்பா என்று கேட்டீர்கள். திரையில் இருக்கிறவர்களில் யாருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வாய்ப்பு இருந்தது என்று பாருங்கள், உங்களுக்கே விளங்கிவிடும். போன் செய்து தானாக வந்தவருக்கு இருந்தது. அவர் வயது வந்தவர், என்ன ஆகும் என்று ஓரளவு தெரிந்து வந்தவர். 'வராவிட்டால் உன் பெயரைச் சொல்லி அவர்கள் பக்கக் கதையை மட்டும் போடுவோம்' என்ற பயத்தில் வந்தவருக்குப் பாதிதான் இருந்தது. வராமலே பெயரும் படமும் வெளியே வந்தவருக்கு இல்லை. குழந்தைக்கு அறவே இல்லை. நம் நாட்டில் சினிமாவிலோ டிவியிலோ நடிக்கிற குழந்தைக்கு 2017-ஆம் ஆண்டு விதிகள் ஒரு வரம்பு கட்டியிருக்கின்றன: ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பேரில் வங்கியில் போட வேண்டும், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அப்பா அம்மா சண்டைக்கு நடுவில் கொண்டுவந்து உட்காரவைத்து, 'உனக்கு யார் கூட இருக்கணும் கண்ணு?' என்று கேட்கப்படுகிற குழந்தை நடிக்க வரவில்லை. அந்தக் கேள்விக்கு அது சொல்லும் பதிலை இரண்டு பக்கத்தில் ஒருவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். கோர்ட்டில்கூட நீதிபதி அந்தக் கேள்வியைத் தனி அறையில் மெதுவாகத்தான் கேட்பார்.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை முகம் தெரிகிற இடத்தில் சேனலை மாற்றுங்கள். வராத ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் மட்டும் பேசும்போதும் மாற்றுங்கள். பழைய எபிசோடுகளை விட்டுவிடுங்கள். துண்டு வீடியோவைச் சொந்தக்காரர் குரூப்பில் அனுப்பாதீர்கள், வந்தாலும் மேலே தள்ளாதீர்கள். குடும்பம், வரதட்சணை, முதுமை என்று ஒரு பொருளை எடுத்துப் பல பேர் உட்கார்ந்து வாதம் செய்கிற நிகழ்ச்சிகள் இருக்கின்றன. மாமியாரோடு பேசுவதற்கு அவற்றிலும் வேண்டிய அளவு விஷயம் கிடைக்கும். மனசைப் புண்படுத்துகிற மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் சேனலுக்கே புகார் எழுதலாம். 2021-ஆம் ஆண்டு விதிப்படி 15 நாளுக்குள் அவர்கள் அதற்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும். மகள் படித்தவள், அவளையே எழுதச் சொல்லுங்கள்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தம்பி மனைவி போனது தெரிகிறது, எங்கே போனாள், எத்தனை மாதமாயிற்று, போன் எடுப்பதில்லை, எல்லாம் தெரிகிறது. ஏன் போனாள் என்று மட்டும் ஒரு வரி இல்லை. நீங்கள் மறைத்ததாக நான் நினைக்கவில்லை. உங்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். 'கோபித்துக்கொண்டு' என்பது தம்பி சொன்ன வார்த்தையாக இருக்கும். ஏழு வயதுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஆறு மாதம் அம்மா வீட்டில் இருப்பது ஒரு பெண்ணுக்கு லேசான காரியம் அல்ல. ஊர் கேட்கும், அண்ணன் வீட்டில் முகம் சுளிப்பார்கள், குழந்தைக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு இருக்கிறாள் என்றால் அதைவிடத் தாங்க முடியாதது ஏதோ இங்கே இருந்திருக்கிறது. குடியா, கைநீட்டலா, பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லாத மாதத்தில் வாங்கிய கடனா, சந்தேகமா, அது அவளுக்குத்தான் தெரியும்.

அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளை லைட்டுக்குக் கீழே உட்காரவைத்தால் என்ன நடக்கும்? அவளுக்கு முதலில் சொல்லாமலே அவள் பெயர் வெளியே போகும். வந்தாள் என்றால், தன் அம்மாவிடம்கூடச் சொல்லாததை ஒரு நடுவர் முன்னால், தமிழ்நாடே பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டால், அப்புறம் சேர்ந்து வாழ நினைத்தாலும் உங்கள் ஊரில் அவள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. தம்பிக்கும் அதேதான். கம்பெனியில் அவன் பெயரே மாறிவிடும். 'ஒரே நாள்ல முடிச்சு வெச்சுருவாங்க' என்று உங்கள் மாமியார் சொல்வது, ஒளிபரப்பில் ஒரு மணி நேரத்தில் முடிவதைப் பார்த்துப் பழகியதால். வந்தவர்கள் வீட்டுக்குப் போன பிறகு மறுநாள் காலையில் என்ன ஆயிற்று என்பதைக் காட்டுவதில்லை. பிரிட்டனில் 2005-லிருந்து ஓடிய இந்த மாதிரி நிகழ்ச்சி ஒன்றை 2019-இல் ஒரேயடியாக நிறுத்தினார்கள். படப்பிடிப்பில் பொய்யறியும் சோதனைக்கு ஆளான ஒருவர், அந்தப் பகுதி ஒளிபரப்பாகும் முன்பே இறந்துபோனதுதான் காரணம். கலந்துகொள்கிறவர்களின் மனநலத்துக்குச் சேனல்கள் தக்க கவனம் எடுக்க வேண்டும் என்று 2021-லிருந்து அங்கே தனி விதியே இருக்கிறது. நம் பக்கத்திலும் 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இப்படிப்பட்ட ஒரு நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை போட்டது.

குடும்ப வழக்கில் சட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்கிறேன். 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, கணவன் மனைவி இருவரில் ஒருவர் கேட்டாலே போதும், கதவைச் சாத்திக்கொண்டுதான் விசாரிக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, அந்த விசாரணையில் நடந்ததை அனுமதியில்லாமல் அச்சிடுவதையோ வெளியிடுவதையோ தடுக்கிறது. 1994-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ராஜகோபால் வழக்கில், ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு பற்றியதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்ததைத்தான் டிவி செய்கிறது என்று சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அந்தத் திண்ணையை நான் பெருமையாகப் பேச மாட்டேன். பெண் அங்கே வாய் திறக்க முடியாது, ஏழை சாதிக்காரருக்கு நியாயம் கிடைக்காது. ஆனாலும் அங்கே கேட்டது நாலைந்து பேர். அவர்கள் மறுநாளும் அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. தாராபுரத்துக்கு நீங்கள் மட்டும் போங்கள். தம்பி வேண்டாம், மாமியாரும் வேண்டாம். போகும் முன் தம்பி மனைவியின் அம்மாவுக்குப் போன் செய்து, 'குழந்தையைப் பார்க்க வரட்டுமாங்க?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போகாதீர்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். சரி என்றால் குழந்தைக்குப் பிடித்த தின்பண்டம் ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். போனதும் சமாதானம் பேசாதீர்கள். 'எப்ப வர்ற அம்மிணி?' என்று கேட்கவே கேட்காதீர்கள். அவளோடு தனியாக இருக்கும்போது, 'உனக்கு என்ன வேணும்?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவள் தம்பியைக் குறை சொல்வாள். உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். தம்பி பக்கம் பேச வாய் வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

அடித்தான் என்று சொன்னால் சேர்த்து வைக்கும் பேச்சையே அன்றோடு விட்டுவிடுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். தம்பிக்கு அக்கா என்பதால் இதைச் சொல்வது உங்களுக்குக் கஷ்டம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். காரணம் வேறு என்றால், இரண்டு பேருக்கும் சம்மதம் இருந்தால், திருப்பூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானக் கணக்கு பார்க்காமல் சட்ட உதவி இலவசம். அங்கே சமரசம் பேசுகிறவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்பார். அங்கே பேசியது வெளியே போகாது. ஒரே நாளில் முடியாது, நாலைந்து தடவை நடக்க வேண்டியிருக்கும். தம்பி கம்பெனியில் லீவு சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

இதற்கிடையில் தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கள். மனைவி போன் எடுக்காவிட்டாலும் குழந்தையோடு பேச ஒரு நேரம் கேட்கச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிஷம் போதும். அதில் 'அம்மா என்ன சொல்றா?' என்ற கேள்வி வரக் கூடாது. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, என்ன சாப்பிட்டாய், அவ்வளவுதான். ஆறு மாதம் அப்பா குரல் கேட்காமல் இருக்கிற குழந்தைக்கு அது முதலில் வேண்டும்.

தாராபுரம் போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். அவள் உங்களிடம் சொன்னதை எனக்கு எழுதலாமா என்று அவளிடமே கேட்டுவிட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால், போய் வந்தேன் என்று மட்டும் எழுதுங்கள்.